எங்கள் காலனியைப் பார்த்து நன்றி சொல்பவர்களுக்கு

"நாம எவ்வளவு கொடுத்து வைத்தவங்கன்னு இங்க வந்த பிறகுதான் புரிஞ்சது."

பேரிகைச் சுற்றுவட்டாரத்துக் காலனிகளுக்கு வந்துபோகிறவர்கள் வண்டியில் ஏறும்போது சொல்லும் வாக்கியம் இது. தமிழிலும் கேட்டிருக்கிறேன், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் கண் கலங்கித்தான் சொல்கிறார்கள். அந்தக் கண்ணீரைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்காமல் விடவும் முடியவில்லை.

ஏழைகள் வாழும் இடங்களுக்குப் போய் வந்தால் மனம் பக்குவப்படும், இருப்பதன் அருமை தெரியும், நன்றியுணர்வு பெருகும் என்று கல்லூரி முகாம்களில் சொல்கிறார்கள். நிறுவனங்களின் சேவைத் திட்டங்களில் சொல்கிறார்கள். ஆன்மிகச் சொற்பொழிவிலும் இதுதான். எங்கள் இல்லாமை இன்னொருவருக்குப் பாடப்புத்தகம் ஆகிவிட்டது. அந்தப் பாடத்தைப் படித்துத் தேறியவர்கள், பாடம் நடத்திய எங்களுக்கு என்ன தர வேண்டியிருக்கிறது என்பதே என் கேள்வி.

வருகிறவர்களும் பார்க்கிறவையும்

பேரிகை, சூளகிரி வட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வர வேண்டும். எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டத்து மாலூர் வட்டம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய், கொத்தமல்லி, ரோஜா என்று பெங்களூருவின் சமையலறைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இங்கிருந்துதான் லோடு போகிறது. இன்னொரு பக்கம் 1970களில் உருவான ஓசூர் சிப்காட். 1980களில் அசோக் லேலண்டும் டிவிஎஸும் டைட்டனும் வந்து ஓசூரைத் தொழில் நகரமாக்கின. இப்போது அந்தத் தொழில் வளையம் சூளகிரி, கெலமங்கலம் வரை நீண்டுவிட்டது.

நான் இப்பகுதிக் காலனி ஒன்றில் பிறந்தவன். ஐடிஐ முடித்து சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று மொழியும் பேச வரும் என்பதால், வெளியூர்க்காரர்கள் காலனிக்கு வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் இரு பக்கமும் பேசுவதை முழுதாகக் கேட்கும் வாய்ப்பு எனக்கு உண்டு.

வருகிறவர்கள் மூன்று வகை. முதல் வகை மாணவர்கள். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு வருவார்கள். இரண்டாவது வகை நிறுவன ஊழியர்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தச் செலவின் ஒரு பகுதி பனியன் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும். மூன்றாவது வகை, சனி ஞாயிறுகளில் பெங்களூருவிலிருந்து தாங்களாகவே கிளம்பி வரும் தன்னார்வலர்கள்.

இவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஓட்டு வீட்டை, தொகுப்பு வீட்டின் பெயர்ந்த காரையை, தண்ணீர்க் குடங்களின் வரிசையைப் பார்க்கிறார்கள். குழந்தைகளின் சிரிப்பைப் படம் பிடிக்கிறார்கள். காலனி ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. வண்டியை ஊருக்குள் நிறுத்திவிட்டு நடந்தேதான் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். ஊர்த் தெரு முடிந்து, இடையில் வெற்று நிலம் வந்து, பிறகு எங்கள் வீடுகள் தொடங்குவதைக் காலால் கடந்தும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வறுமை தெரிகிறது, சாதி தெரியவில்லை.

ஒருமுறை வந்த குழுவினர் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு, பல் துலக்கும் பழக்கம் இல்லை என்று முடிவுகட்டினார்கள். அடுத்த வாரம் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. அந்தக் கறை தண்ணீர் போட்ட கறை, துலக்கினால் போகாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. "காவிரித் தண்ணீர் உங்கள் குழாய்க்கு வாரம் எத்தனை நாள் வருகிறது, ஊர்க் குழாய்க்கு எத்தனை நாள் வருகிறது?" என்று கேட்டிருந்தால் ஒரு கதவு திறந்திருக்கும். பல் துலக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, தங்கள் வீட்டுக் குழாயை நினைத்து நன்றி சொல்லிப் போனார்கள்.

இன்னொரு முறை, வந்த பெண்மணி ஒருவர் எங்கள் தெருப் பாட்டியிடம், "இவ்வளவு குறைவா வச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்கச் சொன்னார். நான் தெலுங்கில் கேட்டேன். பாட்டி என்னைத்தான் முறைத்தார். "சந்தோஷமா இருக்கேன்னு நான் எப்போ நாயனா சொன்னேன்? வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா இருக்க முடியும்? பட்டா விஷயமா இவங்க ஏதாச்சும் செய்வாங்களான்னு கேளு." அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி பட்டா என்றால் என்ன என்று கேட்டார், விளக்கினேன். பிறகு அவர்கள் எழுதிய குறிப்பை யாரோ காட்டினார்கள். அதில் பாட்டியின் சிரிப்பு மட்டும் இருந்தது.

கொடுத்து வைத்தது யார்?

"கொடுத்து வைத்தவர்" என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எப்போது கொடுத்தார்? எங்கே வைத்தார்? இந்தப் பிறவியில் கொடுத்ததற்குக் கணக்கு இல்லை என்பதால், போன பிறவியில் கொடுத்திருக்கிறார் என்று அந்தச் சொல் மறைமுகமாகச் சொல்கிறது. பாக்கியம், பூர்வ புண்ணியம், கடவுள் அருள் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ஒருவர் கொடுத்து வைத்ததால் நன்றாக இருக்கிறார் என்றால், பாட்டி பட்டா இல்லாமல் இருப்பது அவர் கொடுத்து வைக்காததால் என்றுதான் பொருள். நன்றி சொல்பவர் இதை மனதில் நினைப்பதில்லை. அவர் நினைக்க வேண்டியதே இல்லை, அவருக்காக அந்தச் சொல் நினைத்துக்கொள்கிறது. பார்ப்பனியத்தின் வினைக் கோட்பாடு சமஸ்கிருத நூலில் மட்டும் இல்லை. நம் அன்றாடத் தமிழில், அன்பான குரலில், கண்ணீரோடு அது உயிர் வாழ்கிறது.

வினையைத் தள்ளிவிட்டு வரலாற்றைப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையைப் பிரிட்டிஷ் அரசு பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கவோ மாற்றவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் சாதி ஒழிப்பு பேசும் எல்லோரும் அறிவார்கள். கொடுத்து வைத்தவர் என்று சொல்லப்படும் பலரின் தாத்தா உண்மையில் எடுத்து வைத்துக்கொண்டவர்.

எல்லோருடைய தாத்தாவும் நிலம் பறித்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர்க் கிணற்றில் நீர் இறைக்க முடிந்தது, பள்ளியில் உள்ளே உட்கார முடிந்தது, தேநீர்க் கடையில் அதே குவளையில் குடிக்க முடிந்தது, வாடகை வீடு தேடும்போது சாதி கேட்டு அனுப்பப்படாமல் இருந்தது என்று ஒவ்வொரு "பாக்கியத்துக்கும்" மறுபக்கத்தில் மறுக்கப்பட்ட ஒருவர் இருந்தார். மறுக்கப்பட்டவரின் தெருவுக்கே வந்து நின்றுகொண்டு, மறுக்கப்படாமல் இருந்ததற்காக வானத்தைப் பார்த்து நன்றி சொன்னால், பக்கத்தில் நிற்பவருக்கு எப்படி இருக்கும்?

கீழே பார்த்துக் கிடைக்கும் நிம்மதி

நம்மைவிடக் கீழே இருப்பவரைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள் என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிய அறிவுரை. சினிமாப் பாட்டிலிருந்து பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம் வரை இதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். இது ஏதோ பாதிப்பில்லாத ஆறுதல் போலத் தெரியும். சாதி இயங்குவதே இந்த ஆறுதலில்தான்.

சாதி என்பது மேல் கீழ் என்ற இரண்டு தட்டு மட்டுமல்ல, படிப்படியாக அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது. மேலே இருப்பவனிடம் படும் அவமானத்தை, கீழே இருப்பவனைப் பார்த்து மறந்துவிடலாம். அதனால்தான் அடுக்கு முழுவதையும் கவிழ்க்க எல்லோரும் ஒன்று சேர்வதில்லை. "நல்லவேளை, நாம அந்தத் தெருவில் பிறக்கலை" என்ற நிம்மதி, அரைவயிற்றுக்காரனுக்கு மீதி அரைவயிற்றை நிரப்பிவிடுகிறது.

சிப்காட்டில் என்னோடு ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் இடைநிலைச் சாதி நண்பர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் நிரந்தரம் இல்லை, எனக்கும் இல்லை. ஒரே ஷிப்ட், ஒரே கேன்டீன் சாப்பாடு. ஆனால் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் அவர்களுக்கு ஊர் இருக்கிறது, எனக்குக் காலனி இருக்கிறது. சம்பளச் சீட்டில் இல்லாத அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற மனிதர்கள் எந்த எல்லைக்கும் போவார்கள். 2018 நவம்பரில் ஓசூர் அருகே சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த தலித் இளைஞரும் அவர் காதலித்து மணந்த பெண்ணும் கொலை செய்யப்பட்டு, அவர்களின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. கைதானவர்கள் பெண்ணின் தந்தையும் உறவினர்களும்.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2012 நவம்பர் 7 அன்று, பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. கலப்பு மணம் காரணமாகச் சொல்லப்பட்டது. எரிந்தது எதுவென்று கவனியுங்கள். அந்த மக்களில் பலர் பெங்களூருக்குப் போய் உழைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், வாங்கிய வண்டிகள், பீரோக்கள். குடிசையாக இருந்தவரை இரக்கம் காட்டப்பட்ட காலனி, மாடி எழும்பியதும் கண்ணை உறுத்தியது. கீழே பார்த்து நிம்மதி அடையப் பழகிய சமூகம், கீழே இருந்தவன் நிமிர்ந்ததும் தன்னிடமிருந்து எதையோ திருடிவிட்டதாக ஆத்திரப்படுகிறது.

காலனிக்கு வந்து நன்றியுணர்வு பெற்றுச் செல்பவர் நெருப்பு வைப்பவர் அல்லர். இருவரையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் இருவருக்கும் நாங்கள் கீழேயே இருப்பது தேவைப்படுகிறது. நாளைக்கு எங்கள் தெருவில் எல்லா வீடும் மாடி வீடாகி, பாட்டி கையில் பட்டாவும் பிள்ளைகள் கையில் பட்டமும் இருந்தால், இந்த வாரயிறுதிப் பயணிகள் மனம் பக்குவப்பட எங்கே போவார்கள்?

1934: இரண்டு பயணங்கள்

ஒடுக்கப்பட்டோர் தெருவுக்குப் பயணம் போவது இந்தியாவில் புதிதல்ல. 1933 நவம்பரில் காந்தி வார்தாவிலிருந்து அரிஜன யாத்திரை தொடங்கினார். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் நாடு முழுக்கச் சுற்றினார். 1934 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கும் வந்தார். சேரிகளுக்குச் சென்றார், நிதி திரட்டினார். அந்தப் பயணத்தின் மைய நோக்கம் சாதி இந்துக்கள் தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்வது. தீண்டாமையை அனுபவித்தவரைவிட, அதைச் செய்தவரின் ஆன்மாவே அங்கே முக்கியம்.

அதே 1934இல் இன்னொரு பயணம் நடந்தது. அம்பேத்கரும் இயக்கத் தோழர்கள் முப்பது பேரளவும் எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணப் புழுதி போக, வாயிலருகே இருந்த குளத்து நீரில் முகம் கழுவிக்கொண்டார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. கடைசியில், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவரைக் கூடவே அனுப்பித்தான் உள்ளே விட்டார்கள். இதை அம்பேத்கரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அதே குறிப்புகளில் 1929ஆம் ஆண்டுச் சம்பவமும் இருக்கிறது. அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராகப் போன அம்பேத்கர் சாலிஸ்கானில் இறங்குகிறார். தீண்டத்தகாதவரை ஏற்றிச் செல்ல எந்தக் குதிரை வண்டிக்காரரும் ஒப்பவில்லை. வண்டி மட்டும் கிடைக்கிறது. ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டுகிறார், வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கால் எலும்பு முறிகிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சட்ட அறிஞருக்கே இது நடந்தது.

ஒருவர் பயணம் போனால் கூட்டம் கூடுகிறது, மாலை விழுகிறது, மனம் தூய்மையாகிறது. இன்னொருவர் பயணம் போனால் முகம் கழுவக் குளம் கிடைப்பதில்லை. பயணம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று பேசுபவர்கள், பயணம் போவதே யாருடைய உரிமையாக இருந்தது என்பதை முதலில் பேச வேண்டும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்துதான், பொதுச் சாலையும் கிணறும் எங்களுக்கும் உரியவை என்று சொல்ல வைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகத்தான் வைக்கத்தில் போராட்டம் நடந்தது, பெரியார் சிறை சென்றார்.

காந்தியின் அமைப்பு பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் நிர்வாகத்தில் ஒடுக்கப்பட்டோரையும் சேர்க்கக் கோரியபோது, சாதி இந்துக்கள் கடன்பட்டவர்கள், தீண்டத்தகாதவர்கள் கடன் கொடுத்தவர்கள், எனவே கடனைத் தீர்க்கும் சபையைக் கடன்பட்டவர்களே நடத்த வேண்டும் என்பது காந்தியின் வாதம். கடன் என்று ஒப்புக்கொண்டவரை சரி. ஆனால் எவ்வளவு கடன், எப்போது, எந்த வடிவில் தீர்ப்பது என்பதைக் கடன்காரரே முடிவு செய்வார் என்றால் அந்தக் கடன் என்றைக்குத் தீரும்? அம்பேத்கர் 1932இலேயே அந்த அமைப்பின் செயலாளர் தக்கருக்குக் கடிதம் எழுதினார். தனிமனிதர்களைச் சீர்திருத்தும் வேலையில் சக்தியைச் செலவிடாமல், கிணறு, பள்ளி, பொது இடம் ஆகியவற்றில் குடியுரிமைக்காகப் போராட வேண்டும் என்று கேட்டார். ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொண்டுவருபவர்கள் இன்னும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை.

எங்கள் பயணத்தை யார் எழுதுவது?

ஏழைகளிடையே பணக்காரர் போவது செய்தி. பணக்காரரிடையே ஏழைகள் தினமும் போகிறோம், அது செய்தியே இல்லை. விடிவதற்கு முன் எங்கள் பகுதியிலிருந்து கிளம்பும் வண்டிகளைப் பாருங்கள். சிப்காட்டுக்குக் கம்பெனிப் பேருந்து, எல்லை தாண்டிக் கட்டட வேலைக்கு டெம்போ, அத்திப்பள்ளி, சர்ஜாபுரம், எலக்ட்ரானிக் சிட்டி அடுக்ககங்களுக்கு வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் போகும் பெண்கள். அவர்கள் ஒரு நாளில் பார்க்கும் செல்வத்தை எங்கள் ஊர்க்காரர் ஆயுள் முழுவதும் பார்த்திருக்க மாட்டார்.

அங்கே என்ன பார்க்கிறார்கள்? பல அடுக்ககங்களில் வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட். சமையலறை அலமாரியில் அவர்களுக்கென ஒதுக்கிய தனி டம்ளர். கிராமத்துத் தேநீர்க் கடையில் எதிர்த்துப் போராடிய இரட்டைக் குவளை, பதினைந்தாவது மாடியில் சுத்தம் என்ற பெயரில் பத்திரமாக இருக்கிறது. தாங்கள் துடைத்த கழிப்பறையைத் தாங்கள் பயன்படுத்த முடியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பயணம் அவர்களுக்கு என்ன உணர்வைத் தருகிறது என்று எந்த முகாமும் கேட்டதில்லை. எங்கள் தெருப் பெண் ஒருவர் சொன்னார்: "அவங்க வீட்ல ஒரு ஆளுக்கு ஒரு ரூம். நம்ம வீட்ல ஒரு ரூமுக்கு ஆறு ஆளு. ஆனா அவங்கதான் நம்மளப் பார்த்து மூச்சு முட்டுதுன்னு சொல்றாங்க."

இந்தப் பெண்கள் கற்றுக்கொண்டு வரும் பாடம் நன்றி இல்லை, கணக்கு. எவ்வளவு உழைக்கிறோம், எவ்வளவு வருகிறது, மீதி எங்கே போகிறது என்ற கணக்கு. பயணத்தால் கிடைக்கும் அறிவில் எது மேலானது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பார்க்காமலே இருந்தால் நல்லதா?

சில தோழர்களே என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். வருகிறவர்களையும் குத்திக்காட்டி விரட்டிவிட்டால், அவர்கள் அடுக்ககத்துக்குள்ளேயே இருந்துவிடுவார்கள், இன்னும் மரத்துப்போவார்கள், ஒரு சிலராவது இப்படி வந்துதானே மாறியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். முகாமுக்கு மாணவராக வந்து, பிறகு வழக்கறிஞராகி நம் வழக்குகளுக்குத் துணை நின்றவர்களை எனக்கும் தெரியும். பார்ப்பது தவறில்லை. பார்த்த பிறகு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துன்பத்தைப் பார்க்கப் பயணம் போனவர்களில் உலகம் அறிந்தவர் சித்தார்த்தர். முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் தெருவில் பார்த்து, அதிர்ந்து, துறவு பூண்டார் என்பது மரபான கதை. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இந்தக் கதையை ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயதுவரை ஒருவர் இவற்றைப் பார்க்காமலா இருந்திருப்பார் என்று கேட்டார். அவர் முன்வைத்த காரணம் ரோகிணி ஆற்றுத் தண்ணீர். சாக்கியருக்கும் கோலியருக்கும் தண்ணீர்த் தகராறு வந்தபோது, போருக்குப் போக வேண்டாம் என்று தன் சொந்தக் குலத்தின் சங்கத்தில் எதிர்த்து நின்று, அதன் விலையாக வீட்டை விட்டுப் போனவர் அம்பேத்கரின் சித்தார்த்தர்.

காலனிக்கு வந்து கலங்குகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது வகை. உங்கள் கலக்கத்தை எங்களிடம் காட்ட வேண்டியதில்லை. அதை உங்கள் சங்கத்தில் காட்டுங்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுவில், அடுக்ககக் குடியிருப்போர் கூட்டத்தில், மகளின் திருமணப் பேச்சில் காட்டுங்கள். அங்கே எதிர்த்து நிற்கத்தான் துணிச்சல் வேண்டும்.

செய்ந்நன்றி

நன்றி என்ற சொல்லை நான் வெறுக்கவில்லை. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே செய்ந்நன்றி அறிதல் என்று பெயர் வைத்தார். செய்த நன்றி. அதில் செய்தவர் ஒருவர் இருக்கிறார், பெற்றவர் ஒருவர் இருக்கிறார். யார் செய்தார் என்று தெரிந்து, அவரை மறக்காமல் இருப்பதுதான் அறம். அந்த அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தக்காளியை நட்டுப் பறித்தவர் யார்? கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர் யார்? சாக்கடை அடைப்பை எடுத்தவர் யார்? அவர்கள் தெருவிலேயே நின்றுகொண்டு, நன்றியை மட்டும் கடவுளுக்கு அனுப்பினால் அது முகவரி தவறிய கடிதம்.

அந்தக் கடவுள் யார் பக்கம் இருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் எல்லைக்கு அப்பால் மாலூர் வட்டத்து உள்ளேரஹள்ளியில், 2022 செப்டம்பரில், ஊர்த் தேவதை ஊர்வலத்தின்போது சாமிக்குரிய கம்பத்தைத் தொட்டதற்காக ஒரு தலித் சிறுவனின் குடும்பத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் 60,000 ரூபாய் தண்டம் விதித்தார்கள். அந்தக் குடும்பம் வீட்டிலிருந்த சாமி படங்களை அகற்றிவிட்டு அம்பேத்கர் படத்தை வைத்தது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவர்கள் தெளிவாகவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் நன்றி கடனாகிறது. கடனுக்குத் தொகை உண்டு, தவணை உண்டு, கடன் கொடுத்தவர் கேட்கும் உரிமை உண்டு. எனவே வாருங்கள், ஆனால் கேள்விகளோடு வாருங்கள். இந்த வீடுகளுக்குப் பட்டா இருக்கிறதா, இல்லையென்றால் மனு எந்த அலுவலகத்தில் தூங்குகிறது? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, யார் நிலத்தின் வழியாகப் போகிறது? தண்ணீர்த் தொட்டி ஊருக்கும் காலனிக்கும் ஒன்றா, இரண்டா? தேநீர்க் கடையில் குவளை ஒன்றா? பள்ளியில் கழிப்பறையைக் கழுவச் சொல்லப்படுவது எந்தத் தெருப் பிள்ளை? இவற்றுக்கான பதில்களை எழுதிக்கொண்டு, எங்களோடு கிராம சபையில் வந்து உட்காருங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய சபை அது. எங்கள் ஆள் எழுந்து பேசும்போது யார் குரல் உயர்கிறது என்று நேரில் பாருங்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் புத்தகத்தில் இருக்கின்றன. காவல் நிலையத்தில் அவற்றின் பெயரைச் சொல்லிப் புகாரைப் பதிய வைக்கும்போது பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். சாதி ஒழிப்பு இயக்கத்தின் உண்மை அறியும் குழுக்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்யும் பயணம் இதுதான். அந்தக் குழுக்கள் எங்கள் தெருவிலிருந்து போகும்போது எடுத்துச் செல்வது வாக்குமூலங்களை.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குப் பனியன் போட்ட தன்னார்வலர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2 விழுக்காட்டில் எங்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன், உங்கள் ஆலையில் எங்கள் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் நிரந்தரத் தொழிலாளிகள், எத்தனை பேர் துப்புரவு ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள். வண்ணம் பிறகு அடிக்கலாம்.

பாட்டியின் பட்டா மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். மூன்று மொழியும் தெரிந்தவன் நான் இருக்கிறேன். உடன் வர விரும்புகிறவர்கள் வரலாம்.